தொண்டை அறுவை சிகிச்சையும் டெங்குவும்

கேள்வி: ஒன்பது வயதுப் பேரனுக்கு ஐப்பசியில் டான்சில் எடுத்தோம். முதல் நாள் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தன. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. புண் சூடு என்று இருந்துவிட்டோம். காய்ச்சல் தணிந்த பிறகு, ஏழாம் நாள் இரவு, வாயில் இரத்தம் வந்தது. டெங்கு என்றார்கள்; தட்டணுக்கள் 32,000. இப்போது நலம். அறுவை சிகிச்சையில் தவறு நடந்ததா? அவன் தங்கைக்கும் கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்திருக்கிறோம், செய்யலாமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: தவறு நடந்ததாகத் தங்கள் கடிதத்தில் எந்த அடையாளமும் இல்லை, இரண்டு நோய்க்கணக்குகள் ஒரே நாளில் வந்து விழுந்திருக்கின்றன. டான்சில் எடுத்த இடத்தில் வெள்ளையாக ஓர் ஏடு படிந்து, ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் உரிந்து விழும். அப்போது இரத்தம் கசிவது டெங்கு இல்லாதவர்களுக்கும் நேரக்கூடியதே. டெங்குவிலோ, கொசு கடித்து 4 முதல் 10 நாட்கள் கழித்தே காய்ச்சல் தெரியும் என்பதால், கிருமி உள்ளே இருக்கும்போதே பரிசோதனை முடிவு சரியாக இருந்திருக்கலாம். காய்ச்சல் விடும் நாளில்தான் தட்டணுக்கள் மிகவும் குறைந்து, இரத்தக் குழாய்களிலும் கசிவு தொடங்குகிறது. தங்கள் பேரனுக்கு அந்த நாளும் ஏடு உரியும் நாளும் ஒன்றாகிவிட்டன.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் உடம்பு லேசாகச் சுடுவது வழக்கந்தான். ஆனால் மழைக்காலத்தில் மூன்றாம் நாள் புதிதாக வரும் காய்ச்சலைப் புண் சூடு என்று விட்டுவிடாமல், அன்றே டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனையும் தட்டணுக் கணக்கும் எடுத்திருக்க வேண்டும். வலிக்குக் கொடுத்த மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்கு என்ற ஐயம் வந்தாலே ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடாது, பாரசிட்டமால் மட்டுமே, அதுவும் எடைக்கேற்ற அளவில். (பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஒரு நாளைக் கழிப்பதை நான் ஒப்புவதில்லை.)

இன்னொன்று: குழந்தைகள் இரத்தத்தைத் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். தூக்கத்திலேயே எச்சில் விழுங்குவதுபோல் தொண்டை அடிக்கடி அசைந்தால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். காப்பி நிறத்தில் வாந்தி, கறுப்பாக மலம் என்றாலும் அதே கதைதான். குழந்தையை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, இரத்தத்தைத் துப்பச் சொல்லி, குடிக்க எதுவும் தராமல் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தங்கையின் அறுவை சிகிச்சை அவசரமானதன்று எனில், மழை ஓய்ந்து தை பிறக்கட்டும் என்பேன். தூக்கத்தில் மூச்சுத் திணறுவதுபோன்ற தொல்லை இருந்தால் மட்டும் தள்ளிப்போடுவதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை கத்தி வைக்கக் கூடாது.

வளவில் ஓட்டுத் தண்ணீர் பிடிக்கும் அண்டாவை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, ஆச்சி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையிடும், அது காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் போட்டு விளிம்புவரை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள்.