மஞ்சள் முகத்துப் பெண்கள்: கேள்வி பதில்

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றிப் போன வாரம் பேச்சுவாக்கில் சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

பட்டறைவாசி: ஆண்கள் எல்லாரும் போருக்குப் போய்விட்டதால்தானே பெண்களைக் கூப்பிட்டார்கள், அக்கா?

அது பாதிக் காரணம். மீதிப் பாதி குண்டுப் பஞ்சம். பீரங்கி இருக்கிறது, போடக் குண்டு இல்லை என்று 1915 மே மாதம் டைம்ஸ் பத்திரிகை எழுதியதில் அரசாங்கமே ஆட்டம் கண்டது. படைத்தளவாடங்களுக்கென்று தனி அமைச்சகம் தொடங்கி லாய்ட் ஜார்ஜை அதில் உட்கார வைத்தார்கள். ஜூலை 17 அன்று, பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிவந்த எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் லண்டனில் கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கான பெண்களோடு ஊர்வலம் போனார். “எங்களுக்கும் வேலை கொடு” என்பதுதான் கோரிக்கை. வேடிக்கை என்னவென்றால், ஊர்வலச் செலவுக்குப் பணம் கொடுத்ததே அரசுதான். ஓராண்டுக்கு முன்புவரை அதே பாங்க்ஹர்ஸ்டைச் சிறைக்கும் வீட்டுக்குமாக அலைக்கழித்த அரசு! 1916இல் கட்டாய ராணுவ சேவை வந்த பிறகு பெண்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்ற நிலை.

இல்லத்தரசி: இவர்கள் எல்லாரும் அதுவரை வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களா?

இல்லவே இல்லை. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள். பணக்கார வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தவர்கள், நெசவாலையிலும் தையல் கடையிலும் உழைத்தவர்கள். புதிதாக வந்தது வேலை இல்லை, கொஞ்சம் கூடுதல் சம்பளமும் கேட்க ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையும். எஜமானியம்மாக்கள் “வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை” என்று புலம்பிய காலம் அது.

ரசாயனம் படித்தவன்: டிஎன்டி பட்டால் தோல் மஞ்சளாகுமாமே, நிஜமா?

நிஜம்தான். குண்டுக்குள் டிஎன்டி என்ற வெடிமருந்தை நிரப்பும் பிரிவில் சில வாரம் இருந்தாலே கை, முகம் மஞ்சளடித்துவிடும். தொப்பிக்கு வெளியே தெரியும் முன்முடி செம்பட்டையாகிவிடும். ஊரார் இவர்களைக் ‘கேனரி’ என்றார்கள், மஞ்சள் குருவி. கருவுற்ற நிலையில் வேலை பார்த்த சிலருக்குக் குழந்தையும் மஞ்சள் நிறத்தோடு பிறந்தது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. தோலில் ஏறும் மஞ்சள் வெறும் கறை, மஞ்சள் அரைத்த கை மாதிரி. வேலையை விட்டால் நாளடைவில் போய்விடும். ஆளைக் கொன்றது வேறு. தூசியாகவும் ஆவியாகவும் மூக்கு வழியே, தோல் வழியே உள்ளே போன டிஎன்டி ஈரலைக் கெடுத்து வந்த காமாலை அது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இறந்தார்கள். ஆக்னஸ் லிவிங்ஸ்டோன் லியர்மன்த், பார்பரா கன்னிங்ஹாம் என்ற இரு பெண் மருத்துவர்கள் 1916லேயே லான்செட் மருத்துவ இதழில் இந்தப் பெண்களின் உடல்நிலை பற்றி விரிவாக எழுதினார்கள். ஆலைகளில் பால் கொடுத்தார்கள். லீட்ஸ் பக்கத்து பார்ன்போ ஆலை அதற்காகச் சொந்தமாக மாட்டுப் பண்ணையே வைத்திருந்தது. பால் விஷத்தை முறிக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர் சாயப்பட்டறைப் பக்கமும் கேட்டதுதானே! காற்றோட்டமும், ஆளை மாற்றி மாற்றி வேலைக்கு விட்டதும்தான் உண்மையில் உதவியவை.

குன்னூர்க்காரன்: எங்கள் அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. அதே சரக்குத்தானா அங்கேயும்?

அதே வெடிமருந்துக் குடும்பம்தான். டிஎன்டி குண்டுக்குள் இருந்து வெடிப்பது, கார்டைட் குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளுவது. உங்கள் ஊர் ஆலை போருக்குப் பத்தாண்டு முன்பே வந்தது. பிரிட்டனில் பெரியது ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த கிரெட்னா. நீளம் மட்டும் சுமார் 9 மைல். உழைத்தவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் பெண்கள். நைட்ரோகிளிசரினையும் வெடிப்பஞ்சையும் தொட்டியில் வெறுங்கையால் பிசைவார்கள். அங்கே போய்ப் பார்த்த, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் அதற்குப் ‘பிசாசின் கஞ்சி’ என்று பெயர் வைத்தார். வழக்கமாகச் சேர்க்கும் அசிட்டோனுக்குத் தட்டுப்பாடு என்பதால் அங்கே ஈதரும் ஆல்கஹாலும் சேர்த்தார்கள். ஈதர் வாடையில் பெண்கள் மயங்கி விழுவதும் உண்டு.

தாழம்பூ: கொண்டை ஊசிகூடக் கூடாதாமே?

கொண்டை ஊசி, மோதிரம், இரும்புக் கம்பி வைத்த உள்ளாடை, தீக்குச்சி எதுவும் கூடாது. ஒரு பொறி போதும். வாசலில் சோதனை போட பெண் காவலர்கள் இருந்தார்கள்.

சந்தேகப்பிராணி: இவ்வளவு செய்தும் வெடித்ததா?

வெடித்தது. 1916 டிசம்பர் 5 இரவு பார்ன்போவில் 42ஆம் எண் அறையில் 35 பெண்கள் இறந்தார்கள். சிலரைக் கழுத்தில் கிடந்த அடையாள வில்லையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சில மணி நேரத்தில் வேறு பெண்கள் அதே அறையில் வேலையைத் தொடர்ந்தார்கள். தணிக்கை இருந்ததால் போர் முடியும்வரை முழுக் கதை வெளியே வரவில்லை. 1918 ஜூலை 1 அன்று சில்வெல் ஆலை வெடித்ததில் 134 பேர். போர்முனையில் இறந்தவனுக்கு ஊருக்கு ஊர் கல் நட்டார்கள். இந்தப் பெண்களுக்கு அப்படி நடக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

தொழிற்சங்கத் தோழர்: சம வேலைக்குச் சம ஊதியம் கிடைத்ததா?

காகிதத்தில் கிடைத்தது. தேர்ந்த தொழிலாளியின் வேலையை ஒரு பெண் முழுதாகச் செய்தால் அவன் கூலியே அவளுக்கும் என்பது விதி. ‘முழுதாக’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். லேத்தில் கருவியைப் பொருத்தித் தர ஓர் ஆளை நிறுத்திவிட்டால், அவள் முழு வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். வாரம் ஒரு பவுண்டு என்பதுதான் 1915 அக்டோபரில் அரசு பெண்களுக்குச் சொன்ன கணக்கு. சரி, பிடிக்கவில்லை என்று வேறு ஆலைக்குப் போகலாமா? முதலாளியிடம் விலகல் சான்றிதழ் வாங்காமல் போனால் ஆறு வாரம் யாரும் வேலை தரக்கூடாது. அந்தச் சட்டம் 1917 அக்டோபரில்தான் போனது. 1918 ஆகஸ்ட்டில் லண்டன் பஸ், டிராம் பெண் கண்டக்டர்கள் ஆண்களுக்குக் கொடுத்த ஐந்து ஷில்லிங் போனஸ் தங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். கேட்டவருக்குக் கிடைத்தது!

பந்தாட்டப் பைத்தியம்: கால்பந்து பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

மறக்கவில்லை. பிரெஸ்டன் நகரின் டிக் கெர் ஆலைப் பெண்கள் 1917இல் அணி அமைத்து, காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஆடினார்கள். போர் முடிந்தும் கூட்டம் குறையவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த டிசம்பரில் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று சொல்லித் தன் மைதானங்களைப் பூட்டிவிட்டது. குண்டு செய்ய ஒத்துவந்த உடம்பு பந்து உதைக்க ஒத்துவரவில்லையாம். பூட்டு திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆனது.

நாளைய வாக்காளர்: இந்த உழைப்புக்குப் பரிசாகத்தானே ஓட்டுரிமை கொடுத்தார்கள்?

பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், தம்பி. 1918 சட்டம் ஓட்டுக் கொடுத்தது 30 வயதுக்கு மேல், அதுவும் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு. குண்டு செய்தவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாத பெண்கள். அவர்கள் ஆண்களுக்குச் சமமாக ஓட்டு வந்த 1928 வரை, அல்லது முப்பது ஆகும்வரை, காத்திருந்தார்கள். ஆலை வேலையும் நிலைக்கவில்லை. ஆண்களுக்குப் பழைய இடத்தைத் திருப்பித் தர 1919இல் தனிச் சட்டமே வந்தது. வேலை இழந்தவளுக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டு அவள் மறுத்தால் அதை நிறுத்திவிடலாம். பலர் அப்படியும் மறுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய ஆறு கேள்விகளை எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை பார்ப்போம்.