‘சூப்பர்பக்’ இருக்கும் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. நிமோனியாவுக்காக ஐ.சி.யூ.வில் இருந்து தேறிவிட்டார். அங்கே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ‘கார்பாபெனம் மருந்துகளுக்குக் கட்டுப்படாத க்ளெப்சியெல்லா’ என்று வந்து, தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். இதற்கு மருந்தே கிடையாது என்று இணையத்தில் படித்தேன். வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. அம்மாவுக்குச் சிறுநீரும் கலங்கலாகப் போகிறது. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தரலாமா?

பதில்: டிஸ்சார்ஜ் செய்ததும் தாராளமாக அழைத்து வாருங்கள். குழந்தை பாட்டி மடியில் உட்காரட்டும். ‘சூப்பர்பக்’ என்று சொல்லப்படும் இந்த க்ளெப்சியெல்லா, கார்பாபெனம் என்கிற வலுவான ஆன்டிபயாடிக் ஊசிகளுக்கும் கட்டுப்படாத ஒரு பாக்டீரியா. இந்தக் கிருமி குடலில் இருக்கும்போது மூச்சுக்காற்றில் பரவாது. மலம், சிறுநீர், அவற்றைத் தொட்ட கைகள் வழியாகத்தான் பரவும். அம்மா கழிப்பறை போய் வந்த பிறகும், சமைப்பதற்கு முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம். வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு நோய் என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. யார் குடலில் இந்தக் கிருமி தங்கியிருக்கிறது என்று மருத்துவமனை தடம் பார்க்கிறது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்கு 2011-ல் இதே வகைக் கிருமியோடு ஒரு நோயாளி வந்தார். தெரிந்தே தனிமைப்படுத்தினார்கள். அவர் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து இன்னொருவரிடம் அது தென்பட்டது. கடைசியில் முதல் நோயாளியையும் சேர்த்து 18 பேரிடம் அது இருந்தது, 6 பேர் இந்தத் தொற்றாலேயே இறந்தார்கள். கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. நடுவில் சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் அதைச் சுமந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பஞ்சுக்குச்சி. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2013-லிருந்து பெரிய மருத்துவமனைகளின் கல்ச்சர் முடிவுகளைத் திரட்டி வருகிறது. தனி அறை கொடுத்ததற்காக வருத்தப்படாதீர்கள். கல்ச்சரே அனுப்பாமல் மருந்து ஏற்றும் இடங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம், திடீரென்று பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சு வாங்குவது: இதில் எது வந்தாலும் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதும் உண்டு. நடு ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போனதும் முதல் வேலையாக டியூட்டி டாக்டர் கையில் அந்த கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கொடுங்கள். அது தெரியாவிட்டால் அவர் வழக்கமான ஊசியைத்தான் ஆரம்பிப்பார், அது கேட்காது. புது கல்ச்சர் வந்து மருந்தை மாற்றுவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அத்தனை நாள் அம்மாவின் உடம்பு தாங்காது. தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. மருந்தே கிடையாது என்று நீங்கள் படித்தது தவறு. இந்தக் கிருமிக்குக் கேட்கிற ஊசி மருந்துகள் சில இன்னும் இருக்கின்றன.

கலங்கல் சிறுநீரா? எரிச்சலோ காய்ச்சலோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடையில் ஆன்டிபயாடிக் வாங்குவது கூடவே கூடாது. குடலில் இந்தக் கிருமியை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அது கொல்லும். அப்புறம் இது ஒன்றே பெருகும். சும்மா விட்டால் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே மறைகிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தைச் சீட்டில்லாமல் கேட்கவும் கூடாது, கடைக்காரர் கொடுக்கவும் கூடாது.

இன்றைக்கே அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்கும்படி அனுப்பிவையுங்கள்.