அழாமல் பிறந்த குழந்தையின் எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது?

கேள்வி: என் மகன் பிறந்ததும் அழவில்லை. மூளையைக் காக்க 3 நாள் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். 5-ஆம் நாள் எம்.ஆர்.ஐ.யில் ‘வாட்டர்ஷெட் பகுதியில் லேசான பாதிப்பு, பேசல் கேங்லியா, தலாமஸ், இன்டர்னல் கேப்சூல் இயல்பு’ என்று வந்திருக்கிறது. இப்போது இரண்டரை மாதம். அடிக்கடி விக்கல், தும்மல், தூக்கத்தில் திடுக்கிடுகிறான். ஸ்கேனின் கதிர்வீச்சு பாதித்திருக்குமா? மறுபடி எடுத்துப் பார்க்கலாமா? யூடியூபில் சொன்ன மூளை டானிக் கொடுத்துவருகிறோம்.

பதில்: டானிக்கை இன்றே நிறுத்துங்கள். அடிபட்ட மூளையைச் சரிசெய்யும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. விக்கலும் தும்மலும் எல்லாக் குழந்தைக்கும் வருபவை. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இயங்குவது, எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை.

பையன் நடப்பானா என்பதுதானே உங்கள் பயம்? அதற்கு நாங்கள் முதலில் பார்ப்பது, இயல்பாக இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும் அந்த மூன்று இடங்களைத்தான். மூளையின் ஆழத்தில் இருந்து உடல் அசைவை நடத்துபவை அவை. ஆக்சிஜன் திடீரென அடியோடு நின்றால் அடிபடுவது பெரும்பாலும் அவைதான்; அங்கே பாதிப்பு பலமாக இருந்தால் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம். வாட்டர்ஷெட் என்பது பெரிய ரத்தக்குழாய்களின் கடைமடை. ஓட்டம் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். உங்கள் மகன் நடக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. வாட்டர்ஷெட் பாதிப்பால் பேச்சு, பார்வை, படிப்பில் சிக்கல் இருந்தால் தாமதமாகத்தான் தெரியவரும். அதனால் பள்ளி வயதுவரை பரிசோதனைக்குப் போய்வாருங்கள். இப்போது மறு ஸ்கேன் வேண்டாம். இந்தப் பாதிப்பு டிஃப்யூஷன் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் முதல் வாரத்தில்தான் பளிச்சென்று தெரியும், அப்புறம் மங்கிவிடும். சரியான நாளில்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். அடுத்த சில மாதங்களில், குறிப்பாகத் தூங்கி எழுந்ததும், தலை சட்டென்று முன்னால் கவிழலாம். இரண்டு கையும் விரியும். ஓரிரு நொடியில் தளரும். சில நொடி விட்டு மறுபடியும் அதே. இப்படி வரிசையாக வந்தால் அது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். சாதாரணத் திடுக்கிடல் சத்தம் கேட்டோ தொட்டாலோ வரும், ஒரு தடவையோடு போய்விடும். இந்த வலிப்பைப் பார்த்து வயிற்றுவலி என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுக்கக் கிளம்புவார்கள். போகாதீர்கள். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பார். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்தினாலும் இதே அவசரம்தான். சிகிச்சை தள்ளிப்போகப் போக வளர்ச்சி பின்வாங்கும்.

வளர்ச்சிக்கான பயிற்சிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாமல் எம்.ஆர்.ஐ. படங்களையும் கொண்டுபோங்கள்.