திரைவாசிப்பான் இருந்தும் பார்வையற்றோருக்கு இணையதளங்களில் ஏன் சிரமம்?

கணினியே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும் காலத்தில் பார்வையற்றோருக்கு இணையதளங்களில் இன்னும் என்ன சிரமம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். காட்பாடியில் வசிக்கிறேன். கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக் ஆகிய திரைவாசிப்பான்களை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்களை, நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே எங்களிடம் கருவி இல்லை என்பது இப்போது பெரிய குறையன்று; அந்தக் கருவி வாசிப்பதற்கு உரியவற்றை இணையதளங்கள் தருவதில்லை என்பதே குறை.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. இது தலைப்பு, இது பொத்தான், இது பிறந்த தேதிக்கான பெட்டி என்று பக்கத்தின் நிரலில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அதனால் அவ்வாறு சொல்ல முடியும். நீங்கள் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து வேண்டிய இடத்தைப் பிடிப்பதற்கு ஈடாக, நான் எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி, பார்வைக்கு மட்டும் தலைப்பு போலத் தோன்றச் செய்திருந்தால், எனக்குத் தாவ இடமின்றி, பக்கம் முழுவதையும் மேலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படிவம் நிரப்பும்போது வரும் தடை வேறு வகையானது. என் தாயாருக்கு மருத்துவரிடம் முன்பதிவு செய்ய வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் தளத்தைத் திறந்தேன். பெயர், வயது, துறை ஆகிய அனைத்தையும் நானே நிரப்பினேன். தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டி மட்டும் சுட்டிக்கே (மவுஸ்) இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லும் டேப் விசை அதன்மேல் நிற்காமலே கடந்து சென்றது. அதற்கடுத்து வந்தவை 'பொத்தான்', 'பொத்தான்' என்று மட்டுமே ஒலித்தன. எது சமர்ப்பிக்கும், எது அழிக்கும் என்று அறிய வழியில்லை. பிறகு பிரவுசிங் சென்டருக்குச் சென்று, தாயாரின் நோய் விவரத்தையும் கைபேசிக்கு வந்த ஓடிபியையும் அறிமுகமில்லாத ஒருவரிடம் உரக்கச் சொல்ல நேர்ந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் எங்களுக்கும் அந்தரங்கமானவைதாம்.

தமிழில் படிப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், உங்களுக்கு அழகான தமிழாகத் தெரியும் வரி எனக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக ஒலிக்கிறது. காகிதத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிய சுற்றறிக்கை என்றால் அந்த ஒலியும் இல்லை. ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பின் கடைசித் தேதியைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது படித்துப் பட்டம் பெற்ற ஒருவருக்கு எத்தகைய வேதனை என்பதை எண்ணிப் பாருங்கள். யூனிகோடில் எழுதிய பக்கத்திலும், அதன் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடாவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை வாசிக்காமலே தாண்டிவிடக்கூடும்.

படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும், ஒலி வடிவம் இல்லாத கேப்ட்சா, நிரப்பி முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும் பக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் விரிக்கவில்லை. எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை மேலே வைத்துவிட்டு, தளம் அனைவருக்கும் ஏற்றதாகிவிட்டது என்று கருதுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது குறைபார்வை உடையோருக்கு ஓரளவு உதவலாம், திரைவாசிப்பானில் கேட்பவருக்கு அதனால் பயனில்லை.

இவற்றைச் சரிசெய்வது சலுகையன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கியது. வங்கிக் கணக்கு, சிம் அட்டை போன்றவற்றுக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறையை எதிர்த்து, அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

இதைப் படிப்பவர்களில் இணையதளம் உருவாக்குவோர் இருந்தால், சுட்டியை ஒதுக்கிவிட்டு, டேப், என்டர், அம்பு விசைகளை மட்டும் கொண்டு உங்கள் படிவத்தை முதலிலிருந்து சமர்ப்பிப்பது வரை நிரப்பிப் பாருங்கள். பிறகு என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்களோ அதை முதலில் திருத்துங்கள். பெரும்பாலும் அது ஒரு பெட்டிக்கோ பொத்தானுக்கோ பெயர் எழுதும் வேலையாகத்தான் இருக்கும்.