டிஸ்கார்ட் பாட்டை ஃபோர்க்குக்கு மாற்றும்போது: கேள்வி பதில்

டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்தான் பாட் (bot). அதைப் பைதானில் எழுத உதவும் டிஸ்கார்ட்.பை லைப்ரரியை எழுதியவர் 2021 ஆகஸ்டில் வேலையை நிறுத்துவதாக அறிவித்தார். அந்தச் சமயத்தில் பைகார்ட், நெக்ஸ்ட்கார்ட், டிஸ்நேக் ஆகிய ஃபோர்க்குகள், அதாவது அதே லைப்ரரியை நகலெடுத்து வேறு ஆட்கள் தனியே வளர்த்தவை, பரவின. 2022 மார்ச்சில் மூல லைப்ரரியே மறுபடி நடக்கத் தொடங்கியது. பழைய 1.7 பதிப்பில் எழுதிய கோடை (code) இன்னும் வைத்திருக்கும் மதுரை வட்டாரத்து நண்பர்கள் கேட்டவை இவை.

திருமங்கலம்: அண்ணே, பைகார்ட் இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஆனா ஸ்லாஷ் கமாண்ட் (‘/’ போட்டுக் கூப்பிடுறது) எழுதினா அப்படி ஒரு ஆட்ரிபியூட்டே இல்லைங்குது. கோடுல தப்பா?

கோடில் தப்பு இருக்காது தம்பி. பைகார்டும் டிஸ்கார்ட்.பையும் ‘டிஸ்கார்ட்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். இரண்டும் இருந்தால் ஃபைல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கலந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் நீக்கினாலும் மற்றதன் ஃபைலும் சேர்ந்து போகும். அதனால் டிஸ்கார்ட்.பை, பை-கார்ட் (பைகார்டின் பேக்கேஜ் பெயர்), வெறும் ‘டிஸ்கார்ட்’ என்ற பெயரில் உள்ள பேக்கேஜ் மூன்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, பை-கார்டை மட்டும் மறுபடி போடுங்கள். புதிய வென்வ் (தனிப் பைதான் சூழல்) உருவாக்கி அதில் போடுவது இன்னும் நல்லது.

முடித்ததும், இன்ஸ்டால் ஆனவற்றைக் காட்டும் பிப் லிஸ்ட் அடித்துப் பாருங்கள். டிஸ்கார்ட்.பை திரும்ப வந்திருந்தால், நீங்கள் சேர்த்த வேறு ஏதோ ஒரு லைப்ரரி அதை டிபெண்டன்சியாக இழுத்து வருகிறது. அந்த லைப்ரரியை மாற்றாமல் இது தீராது.

மேலூர்: மூணுல எதுக்குப் போறது சார்?

1.7-லிருந்து எங்கே போனாலும் 2.0-வின் மாற்றங்களைச் சந்தித்தே ஆகவேண்டும். பாதி வேலை அதுதான். ஆச்சரியக்குறி போட்டுக் கூப்பிடும் பழைய கமாண்டுகள் மட்டும் இருந்தால் மூல லைப்ரரியின் 2.x போதும், ஃபோர்க் தேவையில்லை. ஸ்லாஷ் கமாண்டை ஏற்கெனவே பைகார்ட் பாணியில் எழுதியிருந்தால் அங்கேயே இருங்கள். எதை எடுத்தாலும் அதன் டாக்குமெண்டேஷனை மட்டும் பாருங்கள். ஒன்றின் உதாரணத்தை மற்றதில் ஒட்டுவதால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உசிலம்பட்டி: பாட் ஆன்லைன்ல பச்சையா இருக்கு. எர்ரர் எதுவும் இல்ல. கமாண்ட் அடிச்சா பேசவே மாட்டேங்குது.

காரணம் மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட், அதாவது மெசேஜில் எழுதியதைப் படிக்க பாட் கேட்டு வாங்கும் அனுமதி. 2022 செப்டம்பரிலிருந்து அனுமதி இல்லாத பாட்டுக்கு மெசேஜின் உள்ளடக்கம் வெறுமையாகவே வரும். சுவிட்ச் இரண்டு இடத்தில் உண்டு: டெவலப்பர் போர்ட்டலில் பாட் பக்கத்தில் ஒன்று, கோடில் இன்டென்ட்ஸ் உருவாக்கும் இடத்தில் ஒன்று. கோடில் கேட்டு போர்ட்டலில் திறக்காவிட்டால் பாட் தொடங்கும்போதே எர்ரர் வந்து நின்றுவிடும். போர்ட்டலில் திறந்து கோடில் விட்டுவிட்டால் உங்களுக்கு நடப்பதுபோல மௌனம்தான். சோதிக்க எளிய வழி: மெசேஜில் பாட்டை மென்ஷன் செய்து, வந்த உள்ளடக்கத்தை பிரின்ட் செய்யுங்கள். மென்ஷன் செய்ததில் எழுத்து வந்து, செய்யாததில் வெறுமையாக இருந்தால் காரணம் இதுவேதான்.

ஆரப்பாளையம்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை சொல்ற பாட் எங்களோடது. ஸ்லாஷ் கமாண்டுக்கு ‘மல்லி’ன்னு தமிழ்லயே பேர் வச்சா ஏத்துக்க மாட்டேங்குது. ஃபோர்க்கை மாத்தினா சரியாகுமா?

எந்த ஃபோர்க்கிலும் ஆகாதும்மா. தடை டிஸ்கார்டின் பெயர் விதியிலேயே இருக்கிறது. எழுத்து, எண், இணைப்புக்கோடு, அடிக்கோடு என 32 வரை அனுமதி. யூனிகோட் கணக்கில் ‘ம’, ‘ல’, ‘அ’ எல்லாம் எழுத்து. புள்ளியும் இகரக் கொக்கியும் தனிக் குறிகள், எழுத்தில் சேராது. தேவநாகரிக்கும் தாய்லாந்து மொழி எழுத்துக்கும் அந்த விதியில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், தமிழுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இப்போதைக்கு கமாண்டின் பெயரை ‘விலை’ என்று ஆங்கில எழுத்தில் வைத்து, பூவின் பெயரைத் தேர்வுப் பட்டியலாகக் கொடுங்கள். தேர்வுகளின் பெயருக்கு இந்தத் தடை கிடையாது. மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி என்று தமிழிலேயே 25 வரை வைக்கலாம். விளக்க வரியும் 100 எழுத்து வரை தமிழில் போகும்.

விலைப்பட்டியல் நீண்டு 2000 எழுத்தைத் தாண்டினால் வரி முடியும் இடத்தில் வெட்டுங்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து வெட்டினால் ‘லி’யில் ‘ல’ ஒரு மெசேஜிலும் கொக்கி அடுத்த மெசேஜிலும் போய்விடும்.

ஆரப்பாளையம்: ஷீட்ல இருந்து விலையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள ‘அன்நோன் இன்டராக்‌ஷன்’னு வருதே?

3 விநாடிக்குள் முதல் பதில் போயாக வேண்டும். ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, ‘பதில் பிறகு வரும்’ என்று சொல்லிவைக்கும் டிஃபர் கூப்பிடுங்கள். 15 நிமிடம் கிடைக்கும். ஷீட்டைப் படிக்கும் லைப்ரரி அசிங்க் (காத்திருக்கும்போது மற்ற வேலைக்கு வழிவிடும் வகை) இல்லையென்றால் அதைத் தனி த்ரெட்டில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அது முடியும்வரை மற்ற எல்லா கமாண்டும் காத்துக் கிடக்கும்.

நாகமலை புதுக்கோட்டை: காக் (கமாண்டுகளைத் தொகுத்து வைக்கிற கிளாஸ்) எதுவும் லோடு ஆகல. ‘நெவர் அவெய்டட்’னு ஒரு வார்னிங் மட்டும் வருது.

மூல லைப்ரரியின் 2.0-வில் எக்ஸ்டென்ஷனை லோடு செய்வது, காக் சேர்ப்பது, செட்டப் ஃபங்ஷன் மூன்றும் அசிங்க். அவெய்ட் போடுங்கள். பைகார்டில் அவை சாதாரண ஃபங்ஷன்கள்; அங்கே அவெய்ட் போட்டால் டைப் எர்ரர் வரும்.

தெப்பக்குளம்: நெக்ஸ்ட்கார்டுக்குப் பெயரை மொத்தமா ரீப்ளேஸ் பண்ணிடலாமா?

மொத்தமாக வேண்டாம். வெப்ஹூக் முகவரிகளிலும் சர்வர் அழைப்பு லிங்க்கிலும் ‘டிஸ்கார்ட்’ என்ற சொல் இருக்கிறது. அவையும் மாறிப்போகும். இம்போர்ட் வரிகளையும், கோடில் ‘டிஸ்கார்ட்.’ என்று புள்ளியோடு முன்னால் வரும் இடங்களையும் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அவதார் யூஆர்எல் என்ற பழைய பெயரும் இப்போது இல்லை. டிஸ்ப்ளே அவதாரிலிருந்து எடுத்தால் படம் வைக்காதவர்களுக்கும் எர்ரர் வராது.

மேலூர்: மாத்தின பிறகு ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் வருது சார்.

பழைய ப்ராசஸ் அதே டோக்கனில் (பாட் உள்ளே நுழையும் சாவி) இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்துங்கள். அடுத்த முறை சோதனைக்குத் தனி டோக்கன், தனி சர்வர் வைத்துக்கொள்ளுங்கள்.