சிறுவாணின்னு பேர் வைக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கணவருக்கு அட்டப்பாடியில் அகளி பக்கம் பூர்வீகம். பிறந்திருக்கும் பெண் குழந்தைக்குச் 'சிறுவாணி' என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. கோவையில் இருக்கும் என் அம்மாதான், "குழாய்த் தண்ணி பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?" என்கிறார். பேர் வைக்கும் இருபத்தெட்டாம் நாள் நெருங்கிவிட்டது. என்ன செய்யட்டும்?

பதில்: தாராளமாக வையுங்கள், தங்கச்சி.

காவேரி, பொன்னி, பவானி, பழனியம்மாள், காசியம்மாள் என்று ஆறும் ஊரும் நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ பெயராகிவிட்டன. காதுக்கு இனிக்கிறதே என்று சம்பந்தமில்லாத ஊரின் பெயரைத் தேடிப் பிடித்து வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் விஷயம் அப்படியல்ல. சிறுவாணி உங்கள் மகளின் அப்பா ஊர் ஆறு. கேரளத்து ஆறுகள் பெரும்பாலும் மேற்கே கடலுக்குப் போக, பவானி கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதில் போய்க் கலக்கிறவள் சிறுவாணி. அந்தத் தண்ணீர் கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது.

அணை இருப்பது உங்கள் பாலக்காடு மாவட்டத்தில். குடிப்பது உங்கள் அம்மாவின் கோவை. 1973-ல் இரு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுப் பகிர்ந்துகொண்ட தண்ணீர் அது. அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் இவ்வளவு பொருந்துகிற பெயர் எளிதில் அமையாது.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். போர்த் தண்ணீரில் சமைத்துப் பழகியவர்களிடம் கேட்டால் தெரியும், பாத்திர அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், பருப்பு எளிதில் வேகாது. சிறுவாணித் தண்ணீரில் அதே பருப்பு குழைந்து வெந்துவிடும். கோவைக்காரர்கள் அந்த ருசியைப் பெருமையடித்துக்கொள்ளாத நாளில்லை. அம்மாவும் அப்படித்தானே? அதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். முடிந்தால், குழந்தையின் காதில் பேர் சொல்லும் உரிமையை அவருக்கே கொடுங்கள். கூப்பிட நீளமாக இருக்கிறது என்றால் வீட்டில் 'வாணி' போதும். சரஸ்வதியின் பெயர், பாட்டிக்கும் திருப்தி. பள்ளியில் கேலி செய்வார்களோ என்று யோசிக்க வேண்டாம். நல்ல பெயர் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இருபத்தெட்டுக்குள் பேச்சு முடியாவிட்டாலும் பதற்றம் வேண்டாம். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். மலையாளத்தில் இந்த ஆற்றை 'ஷிருவாணி' என்பதுபோல எழுதுவார்கள். பஞ்சாயத்தில் கொடுக்கும்போது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று இருவரும் முன்பே முடிவு செய்து, எழுதியே கொடுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் அதே எழுத்து வரட்டும். பின்னால் திருத்த அலைவது பெரும்பாடு.