ஒரே சட்டத்தில் பல கருவிகள்: டூல்பாரை நாமே செய்வது எப்படி?

கேள்வி: 45 எச்.பி. டிராக்டர் வைத்திருக்கிறேன். கல்டிவேட்டர், பார் பிடிக்கும் கலப்பை, விதை வரிசைக்குக் கோடு போடும் கருவி என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டத்தோடு வாங்குவது கட்டுப்படியாகவில்லை. தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒரே சட்டம் செய்து, அதில் கருவிகளை மாற்றி மாற்றி மாட்டலாமா? சேனலில் செய்தால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். எந்த இரும்பு, என்ன கனம் எடுப்பது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். கருவிகளை மாட்டும் இந்தக் குறுக்குச் சட்டத்தைத்தான் டூல்பார், சுருக்கமாகப் பார் என்கிறோம் (வயலில் பிடிக்கும் பார் வேறு). ஆனால் ஒரு பக்கம் திறந்த சேனல் வேண்டாம். 100 × 100 × 6 மி.மீ. பாக்ஸ் பைப் (சதுரக் குழாய்) 2 மீட்டர் எடுங்கள்.

2,000 கிலோ எடையுள்ள டிராக்டர், நல்ல பிடிமானமுள்ள மண்ணில் 1,200 கிலோ வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சட்டத்துக்கு ஆபத்தான நேரம், ஓரத்தில் இருக்கும் ஒற்றைக் கால் (மண்ணைக் கிளறும் கொழுவைத் தாங்கும் தண்டு) பாறையிலோ வேரிலோ மாட்டி, இந்த இழுவை முழுவதும் அதன் மேல் விழும்போதுதான். அந்தக் கால், லோயர் லிங்க் (டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் இரண்டு கீழ்க் கைகள்) பிடியிலிருந்து 60 செ.மீ. வெளியே இருந்தால், 75 × 75 × 6 பைப்பில் ஏற்படும் வளைவுத் தகைவு (வளைக்கும் விசையால் இரும்பில் ஏறும் அழுத்தம்) சதுர மி.மீ.க்குச் சுமார் 200 நியூட்டன். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-ஐத் தொட்டால் வளைந்தது வளைந்ததுதான், நிமிராது. 200 தானே என்று நினைக்க வேண்டாம். ஓடுகிற வண்டி சட்டென்று முட்டும்போது விசை இரண்டு மடங்காகிவிடும். அதே சுமைக்கு 100 × 100 × 6 பைப்பில் வருவது சுமார் 105 தான். இந்த நிம்மதிக்குக் கூடுகிற எடை மீட்டருக்கு நாலரை கிலோ.

சேனல் ஏன் ஆகாது? கால் பாருக்குக் கீழே அரை மீட்டருக்கு மேல் தொங்குகிறது. மண் அதைப் பின்னுக்குத் தள்ளும்போது பார் வளைவதோடு முறுக்கவும் படுகிறது. நாலு பக்கமும் மூடிய பைப்பின் முறுக்கு விறைப்பு, அதே அளவுள்ள திறந்த சேனலைவிட நூறு மடங்குக்கும் மேல். சேனலில் செய்த சட்டம் முதல் பருவத்திலேயே கால்களை ஆளுக்கொரு ஆழத்தில் நிறுத்தும். பாக்ஸ் பைப் கிடைக்காவிட்டால் இரண்டு சேனலை எதிரெதிராக வைத்து, மேலும் கீழும் முழு நீளத்துக்குப் பற்றவைத்துப் பெட்டியாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது டிராக்டரோடு சேரும் இடம். வீட்டில் செய்த சட்டங்களில் முதலில் கோளாறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். முதலில் லோயர் லிங்க் பந்தின் துளையை அளந்து பாருங்கள். 28 மி.மீ. பின் உள்ளே போனால் வகை 2 (டிராக்டர் இணைப்பு அளவுக்கான தரப் பிரிவு), 22 மி.மீ. மட்டுமே போனால் வகை 1. 45 எச்.பி. வண்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம். வகை 2-க்கு இடது வலது பந்துகளின் உள்முகங்களுக்கு இடையே 825 மி.மீ., கீழ்ப் பின் கோட்டிலிருந்து டாப் லிங்க் (நடுவில் மேலே இணையும் கை) பின்னுக்கு உயரம் 610 மி.மீ., டாப் லிங்க் பின் 25 மி.மீ. வகை 1-க்கு முறையே 683, 460, 19.

கீழ்ப் பின்னை ஒரே தட்டில் நீட்டிவிடாமல், இரு பக்கமும் தட்டு வைத்துத் தாங்கச் செய்யுங்கள். 12 மி.மீ. கனத்தில் 120 × 200 அளவுத் தட்டுகள் நாலு, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே 55 மி.மீ. இடைவெளி. வகை 2 பந்தின் அகலம் 45 என்பதால் இது சரியாக இருக்கும். துளையை டிரில்லில்தான் போட வேண்டும். கேஸ் கட்டிங்கில் போட்டால் துளை கோணலாகும், விளிம்பில் இறுகிய இரும்பிலிருந்து விரிசல் கிளம்பும். கேஸ்தான் வழி என்றால் 3 மி.மீ. சிறிதாக வெட்டிவிட்டு டிரில்லில் பெரிதாக்குங்கள். பின்னுக்கு இ.என். 8 ரகக் கம்பி எடுங்கள். மைல்ட் ஸ்டீல் பின் சீக்கிரமே தேய்ந்து பள்ளம் விழும்.

நாலு தட்டுகளையும் தனித்தனியாக அளந்து ஒட்ட வைத்தால் இரண்டு பின்களும் ஒரே நேர்கோட்டில் வராது. அப்புறம் கருவியை மாட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தியல்தான். அதனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான, வளையாத 28 மி.மீ. கம்பியை நாலு துளை வழியாகவும் கோத்து, தட்டுகளை அந்தக் கம்பியிலேயே நிறுத்தி டேக் (சிறு புள்ளி வெல்டிங்) அடியுங்கள். வெல்டிங் முடிந்து ஆறும் வரை கம்பியை உருவ வேண்டாம்.

டாப் லிங்க் கோபுரத்துக்கு 65 × 12 பட்டை இரண்டு, நடுவே 55 மி.மீ. இடைவெளி. அதன் உச்சியிலிருந்து பாரின் பின்பக்கத்துக்கு 50 × 10 பட்டையில் சாய்வுத் தாங்கிகள் இரண்டு. ஆழமாக உழும்போது டாப் லிங்க் பெரும்பாலும் தள்ளும், கருவியைத் தூக்கும்போது இழுக்கும். தாங்கி இல்லாத கோபுரம் இப்படி முன்னும் பின்னும் ஆடியே அடியில் வெடித்துவிடும். பாரும் கோபுரமும் சேர்ந்து 60 முதல் 65 கிலோ வரும்.

12 மி.மீ. தட்டு வேலைக்கு 7018 ரக வெல்டிங் ராடு. 3.15 மி.மீ. ராடுக்கு 110 முதல் 130 ஆம்பியர், மூலையில் அடிக்கும் வெல்டிங்கின் பக்க அளவு 8 மி.மீ. 7018 ஈரம் குடித்திருந்தால் சாதாரண 6013-ஐவிட மோசம். திறந்து நாளான பெட்டி என்றால் 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து அடித்தால் பார் வாழைத்தாராக வளைந்து போகும். இடம் மாற்றி மாற்றி அடியுங்கள்.

கருவிகளை மாட்டும் கிளாம்ப்: 16 மி.மீ. தட்டு இரண்டு, எம்16 அளவில் 8.8 கிரேடு (பலம் கூடிய ரகம்) போல்ட் நாலு. ஒரு கிளாம்ப் சுமார் 5 கிலோ. சாதாரணக் கம்பியை வளைத்துச் செய்யும் யு-போல்ட் நீண்டு தளர்ந்துவிடும். புதுச் சட்டத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள்.

ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு திருகு போல்ட் (கால் இதைச் சுற்றித்தான் திரும்பும்), அதிலிருந்து 10 செ.மீ. தள்ளி, சுமை மிஞ்சினால் தானே உடைந்து காலைக் காக்கும் உடையும் போல்ட்டாக எம்10, 4.6 கிரேடு (பலம் குறைந்த ரகம்). இரு தட்டுக்கு நடுவே கால் இருந்து, திருகு போல்ட்டிலிருந்து கொழு நுனி வரை 60 செ.மீ. என்றால், நுனியில் சுமார் 450 கிலோ விசை வரும்போது அது உடையும். போல்ட் அடிக்கடி போகிறதே என்று 8.8 போட்டுவிடுவது வழக்கம். அப்போது வரம்பு 900 கிலோவாகிவிடும். போல்ட்டுக்குப் பதில் காலோ கிளாம்போ போகும். அடிக்கடி உடைந்தால் ஆழத்தைக் குறையுங்கள்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கால் செய்யலாமா என்றும் பலர் கேட்பார்கள். ஸ்பிரிங் இரும்பைப் பற்றவைத்தால், வெல்டிங் பிடித்துக்கொள்ளும், அதை ஒட்டிய இடத்தில் கண்ணாடி போல உடையும். அதில் வெல்டிங் படக்கூடாது, போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். துளையிடுவதும் பாடு. காலையும் கொழுவையும் வாங்கிவிடுவதே எங்கள் கருத்து. லிஞ்ச் பின்னும் (இணைப்புப் பின் கழலாமல் பூட்டும் சிறு பின்) அப்படித்தான்.

பி.டி.ஓ. ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு), அதன் உறை, கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் சிலிண்டர், ஹோஸ் ஆகியவற்றைப் பட்டறையில் செய்யவே கூடாது. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. இன்னொன்று: சட்டத்தில் இழுவைக் கொக்கி வைக்க ஆசைப்பட்டால் டாப் லிங்க் கோபுரத்தில் வைக்காதீர்கள். பின் அச்சுக்கு மேலே இருந்து இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி மல்லாந்து பின்னால் சாயும்.

செலவுக் கணக்குக்கு ஒரு வழி: கடையில் விற்கும் சட்டத்தின் விலையை அதன் எடையால் வகுத்து, இரும்பின் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். மூன்று மடங்குக்குள் வந்தால் வாங்கிவிடுவதே மேல். லேத் கூலி, ராடு, கிரைண்டர் டிஸ்க், பெயின்ட் எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. மூன்றைத் தாண்டினால் செய்யுங்கள்.

வயலுக்குப் போகும் முன் எல்லாக் கருவியையும் மாட்டி, முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். குறைந்தால் ஸ்டீயரிங் பிடிக்காது, முன்னால் எடைக் கட்டிகள் மாட்ட வேண்டும்.